வருஷக் கடைசில 108 நமஸ்காரம் வேணாம்மா, சவாசனத்துக்கு பத்து நிமிஷம் குடுங்க

வணக்கம்மா. உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன், மொத தடவை படிக்கும்போது யோகா பத்தின கேள்வினு நினைச்சேன், ரெண்டாவது தடவைதான் கடைசி பாராவுல போற போக்குல எழுதியிருந்த விஷயம்தான் உண்மையான கேள்வினு புரிஞ்சுது. மத்தவங்களும் இதை படிப்பாங்கங்கறதால நீங்க எழுதினதை சுருக்கமா சொல்லிட்டு பதிலுக்கு வரேன்.

உங்களுக்கு 44 வயசு, நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி உக்காந்து பாக்கற வேலை, பிபிக்கு மாத்திரை எடுக்கறீங்க, இடது முட்டி அப்பப்ப மக்கர் பண்ணும். மூணு வருஷமா ஜனவரி 1ம் தேதி காலைல 108 சூரிய நமஸ்காரம் பண்ணி வருஷத்தை ஆரம்பிக்கறதுனு வச்சிருக்கீங்க, போன தடவை 60 தாண்டும்போதே மணிக்கட்டு போயிடுச்சு, ரெண்டு வாரம் டம்ளர் தூக்கவே கஷ்டமாயிடுச்சு. தியான ஆப் ஒண்ணு போட்டு 19 நாள் விடாம உக்காந்தீங்க, 20வது நாள் ஒரு கல்யாணத்துக்கு போனதுல விட்டுப்போச்சு, ஸ்கிரீன்ல பூஜ்யம்னு பாத்ததும் வெறுத்துப்போய் ஆப்பையே தூக்கிட்டீங்க. கடைசி பாராவுல போற போக்குல எழுதியிருந்தது இதுதான், இந்த வருஷம் ஆகஸ்ட்ல அப்பா போயிட்டார். அதுல இருந்து கண்ணை மூடி உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல அழுகை வந்துடுது. இந்த தடவை ஒண்ணுமே பண்ணாம விட்டுடலாமா, இல்ல 31ம் தேதி ராத்திரி சரியா 12 மணிக்கு தியானத்துல உக்காரலாமா, என்ன சங்கல்பம் எடுத்துக்கறதுனு கேட்டிருக்கீங்க.

விட்டுட வேணாம்மா. ஆனா 108ம் வேணாம், நடுராத்திரி 12 மணியும் வேணாம். 31ம் தேதி சாயங்காலம் ஒரு 40 நிமிஷம் போதும், அதுல பெரும்பாலும் படுத்துட்டும் சும்மா உக்காந்துட்டும்தான் இருக்கப்போறீங்க. எப்படினு கீழ சொல்றேன், அதுக்கு முன்னாடி ஏன்னு சொல்லிடறேன், ஏன்னா காரணம் தெரியலன்னா நீங்க ஜனவரி 1 காலைல மறுபடி 108க்கு போய் நிப்பீங்க, உங்க எழுத்தைப் பாத்தாலே தெரியுது.

நான் இருபது வருஷத்துக்கு மேல யோகா சொல்லிக்குடுக்கறேன். ஒவ்வொரு கிளாஸ்லயும் ஒரே காட்சிதான், கடைசில எல்லாரும் சவாசனத்துல, அதாவது மல்லாந்து அசையாம, படுங்கனு சொன்னதும் நாலு பேர் சத்தம் போடாம மேட்டை சுருட்ட ஆரம்பிப்பாங்க, வண்டி எடுக்கணும், ஆபீசுக்கு நேரமாச்சு, அதான் எல்லா ஆசனமும் பண்ணியாச்சே இதென்ன சும்மா படுக்கறதுனு. ஒரு மணி நேரம் உடம்பை இழுத்து வளைச்சு பண்ணின வேலை எல்லாம் உள்ள போய் சேர்றதே அந்த பத்து நிமிஷத்துலதான், அதைத்தான் அவங்க விட்டுட்டு போவாங்க. வருஷத்தையும் நாம அப்படித்தான் முடிக்கறோம். டிசம்பர் 31 வரைக்கும் ஓட்டம், மறுநாள் காலைல புது லிஸ்ட். நடுவுல படுக்கறதே கிடையாது. உங்களோட மூணு வருஷமும் பாத்தீங்கன்னா ஆரம்பிக்கறதுக்கு மட்டும் பெரிய ஏற்பாடு இருக்கு, முடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. இந்த வருஷம் உங்களுக்கு முடிக்க நிறைய இருக்கும்மா.

யோகத்துல ரெண்டு வார்த்தை எப்பவும் ஜோடியா வரும், அப்யாசம், வைராக்கியம். அப்யாசம்னா விடாம பண்றது, வைராக்கியம்னா பிடியை விடறது. நம்ம ஆளுங்க வைராக்கியம்னா பல்லைக் கடிச்சுட்டு பண்றதுனு ஆக்கிட்டாங்க, அது பேச்சு வழக்குல வந்த அர்த்தம், யோகத்துல அது நேர் எதிர். ஜனவரி 1ம் தேதி எல்லாரும் அப்யாசத்தைப் பத்தி மட்டும் பேசுவாங்க. நான் 31ம் தேதிக்கு மத்ததை கேக்கறேன், அவ்வளவுதான்.

இப்ப அந்த 108. கணக்கு போட்டுப் பாருங்க, 12 நிலை இருக்கற ஒரு நமஸ்காரத்துல முன்னாடி குனிஞ்சு கையை தரைல வைக்கறது ரெண்டு தடவை வருது, அப்ப 108க்கு 216 தடவை குனியறீங்க, 108 தடவை உடம்பு பாரத்தை மணிக்கட்டுல வாங்கி தரைக்கு இறங்கறீங்க, 108 தடவை முதுகை பின்னாடி வளைக்கறீங்க, 216 தடவை ஒரு காலை பின்னாடி நீட்டி முட்டியை தரைல வைக்கறீங்க. வருஷம் முழுக்க கீபோர்டுல மடங்கியே இருந்த மணிக்கட்டுக்கும் நாற்காலியில மடங்கியே இருந்த இடுப்புக்கும் திடீர்னு ஒரு காலைல இதைக் குடுத்தா அது என்ன பண்ணும்? தினமும் 12 பண்ணி, 24 ஆக்கி, மாசக்கணக்குல ஏத்திட்டு வந்தவங்க வருஷத்துக்கு ஒருநாள் 108 பண்ணா அது வேற, அவங்களை நான் ஒண்ணும் சொல்லல. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, இப்ப நாம உடற்பயிற்சியா பண்ற சூரிய நமஸ்காரத்தை ஊருக்கெல்லாம் பரப்பினவர் அவுந்த் சமஸ்தானத்து ராஜா பவன்ராவ் பந்த் பிரதிநிதி, 1920கள்ல, அவர் சொன்னதும் தினசரி பயிற்சியாத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை வீரம் காட்டறதுக்கு இல்ல.

நானும் ஒண்ணும் புத்திசாலி கிடையாது. எனக்கு 31 வயசுல ஒரு இடத்துல புத்தாண்டுக்கு 108 பண்றாங்கனு போய் நின்னேன், பக்கத்துல நின்ன காலேஜ் பொண்ணு வேகத்துக்கு ஈடு குடுக்கணும்னு 108ஐயும் முடிச்சேன், போட்டோ எல்லாம் எடுத்தோம், அப்புறம் ரெண்டு மாசம் தோள்பட்டை தூக்க முடியல. யோகா டீச்சர்னு சொல்லிட்டு பிசியோதெரபிக்கு போனதை வெளிய சொல்லவே வெக்கமா இருந்துச்சு.

12 மணி விஷயத்துக்கு வரேன். அந்த நொடியில ஏதோ கதவு திறக்கற மாதிரி ஒரு எண்ணம் நம்ம எல்லார்க்கும் இருக்கு, எனக்கும் உண்டு. ஆனா அந்த நொடி நாமளா ஒத்துக்கிட்டதுதானேம்மா. உலகத்துல மொத நேர மண்டலத்துக்கும் கடைசி நேர மண்டலத்துக்கும் 26 மணி நேர வித்தியாசம், அப்ப புது வருஷம் ஒரே நொடியில வர்றதில்ல, ஒரு நாளைக்கு மேல எடுத்துக்கிட்டு மெதுவா நகர்ந்து வருது. இங்கிலாந்துல 1751 வரைக்கும் சட்டப்படி வருஷம் பொறந்தது மார்ச் 25ம் தேதி. ஜூலியஸ் சீசர் காலண்டரை சரிபண்ணினப்ப கிமு 46ம் வருஷத்துக்கு 445 நாள் ஆச்சு, அந்த வருஷம் தீர்மானம் எடுத்தவங்க பாவம். இதை எதுக்கு சொல்றேன்னா, தேதி நம்ம வசதிக்கு வச்சது, அதை நம்ம வசதிக்கு பயன்படுத்திக்கலாம், அதுக்காக தூக்கத்தை கெடுத்துட்டு நடுராத்திரி உக்காரவேண்டிய அவசியம் இல்ல. பிபி மாத்திரை சாப்பிடறவங்க, துக்கத்துல இருக்கறவங்க, ரெண்டு பேருக்கும் தூக்கம் ரொம்ப முக்கியம். சாயங்காலம் ஆறுல இருந்து எட்டுக்குள்ள பண்ணுங்க, வயிறு நிறைய சாப்பிட்டிருக்கக் கூடாது, அப்புறம் வீட்டோட சேர்ந்து எது பண்றீங்களோ பண்ணுங்க.

அதே சமயம் தேதில ஒண்ணுமே இல்லனும் சொல்லமாட்டேன். ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 2014ல ஒரு கட்டுரை போட்டாங்க, வருஷ ஆரம்பம், மாச ஆரம்பம், வார ஆரம்பம், பிறந்தநாள் முடிஞ்ச சமயம் இதுல எல்லாம் ஜிம்முக்கு போறவங்க, எடையைக் குறைக்கற வழி தேடறவங்க கூடறாங்கனு கண்டுபிடிச்சாங்க. பழைய கணக்கை மூடிட்டு புதுசா ஆரம்பிக்கற உணர்வு அந்த நாட்களுக்கு இருக்கு. அதுல எனக்கு பிடிச்சது எதுன்னா, திங்கள்கிழமைக்கும் அந்த குணம் இருக்கு. அதாவது வருஷத்துல உங்களுக்கு 52 புத்தாண்டு இருக்கு, ஜனவரி 1 சொதப்பினா அடுத்த டிசம்பர் வரைக்கும் காத்திருக்க வேணாம்.

சரி, 31ம் தேதி சாயங்காலம். போனை சைலண்ட்ல போடாதீங்க, வேற ரூம்ல வைங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒரு மேட், ரெண்டு தலகாணி, ஒரு போர்வை, ஒரு நாற்காலி எடுத்துக்கோங்க.

மொத பத்து நிமிஷம் உடம்பை சும்மா தளர்த்தறதுதான். முட்டிக்கு கீழ போர்வையை மடிச்சுப் போட்டு நாலு கால்ல நிக்கற மாதிரி வந்து, உள்ளங்கையை ஊன்றதுக்கு பதிலா முழங்கையில இருந்து கை முழுசையும் தரைல வச்சுக்கோங்க, மணிக்கட்டுக்கு வேலையே வராது. மூச்சு உள்ள வரும்போது நெஞ்சை லேசா முன்னாடி, வெளிய போகும்போது முதுகை பூனை மாதிரி மேல, ஒரு எட்டு பத்து தடவை. அப்புறம் குதிகால் மேல உக்காந்து முன்னாடி சாயறது, முட்டி ஒத்துக்கலன்னா அதை விட்டுட்டு நாற்காலியில உக்காந்துட்டு எதிர்ல மேசைல தலகாணி வச்சு அது மேல நெத்தியை சாச்சுக்கோங்க, ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுது, நெத்திக்கு ஒரு தாங்கல் கிடைச்சதும் கண்ணுக்குப் பின்னாடி இருக்கற இறுக்கம் தானா விடும். கடைசியா மல்லாந்து படுத்து முட்டியை மடிச்சு ரெண்டு பக்கமும் மெதுவா சாய்ங்க. இது மூணு போதும். தலைகீழா நிக்கறது, கபாலபாதி, பஸ்த்ரிகா மாதிரி வேகமா மூச்சு விடற பயிற்சிங்க, மூச்சை உள்ள அடக்கி வைக்கறது இதெல்லாம் பிபி இருக்கறதால உங்களுக்கு வேணாம், யார் வீடியோல சொன்னாலும் வேணாம்.

அப்புறம் நாற்காலியிலயே நிமிர்ந்து உக்காந்து அஞ்சு நிமிஷம் மூச்சு. உள்ள நாலு எண்ணிக்கை, வெளிய ஆறு எண்ணிக்கை, அப்ப நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும், அஞ்சு நிமிஷத்துல 30. மூச்சு உள்ள போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் ஏறும், வெளிய போகும்போது இறங்கும், வேகஸ்னு ஒரு நரம்பு அந்த வேலையைப் பாக்குது, அதனால வெளிமூச்சை நீட்டினா உடம்பு தானா ஒரு படி இறங்கும். மனசை அமைதியாக்கணும்னு நீங்க தனியா பாடுபட வேணாம். எண்ணிக்கை மூச்சு முட்டற மாதிரி இருந்தா மூணு, நாலுனு குறைச்சுக்கோங்க.

இதுக்கு அடுத்தது 12 நிமிஷம், அதுக்குத்தான் மத்ததெல்லாம். வலது கையை மடில மலர்த்தி வைங்க. ஆள்காட்டி விரல்ல இருந்து சுண்டு விரல் வரைக்கும் நாலு விரல், விரலுக்கு மூணு கணு, மொத்தம் 12. கட்டை விரலை ஆள்காட்டி விரலோட அடிக்கணுல வைங்க, அது ஜனவரி. அங்கயே ஒரு அஞ்சாறு மூச்சு இருங்க, ஒரு நிமிஷம் போல ஆகும். அந்த மாசம் என்ன சாதிச்சேன், என்ன தப்பு பண்ணேன்னு கணக்கு எடுக்காதீங்க, உடம்பு எங்க இருந்துச்சுனு மட்டும் கேளுங்க. எந்த நாற்காலி, எந்த ஜன்னல், கையில என்ன இருந்துச்சு, என்ன சத்தம் கேட்டுட்டு இருந்துச்சு. ஏதாவது ஒண்ணு வரும், வரலன்னாலும் பரவால்ல, மூச்சு மட்டும் இருக்கட்டும். அப்புறம் கட்டை விரல் அடுத்த கணுக்கு நகரும், பிப்ரவரி.

இதை ஏன் இப்படி வச்சிருக்கேன்னா, வருஷத்தை திரும்பிப் பாருங்கன்னு சொன்னா எல்லாரும் மார்க் ஷீட் எடுத்துட்டு உக்காந்துடறாங்க, நான் உட்பட. என்கிட்ட ஒரு பழைய நோட்டு இருக்கு, அதுல ஆறு டிசம்பர் வரிசையா எழுதி வச்சிருக்கேன், ஆறுலயும் அதே மூணு வரி, எடை குறைக்கணும், கோவத்தைக் குறைக்கணும், அம்மாவுக்கு அடிக்கடி போன் பண்ணணும். ஆறாவது வருஷம் படிச்சுப் பாத்தப்ப சிரிப்பு வந்துச்சு, அடுத்த வருஷம் அம்மா இல்ல, அப்ப சிரிப்பு வரல. அதுக்கப்புறம்தான் நான் மதிப்பெண் போடறதை விட்டுட்டு இந்த விரல் கணக்குக்கு வந்தேன். நல்லதும் கெட்டதும் ஒரே கையில அடுத்தடுத்த கணுல கெடக்கு, அதைத் தொட்டுப் பாத்துட்டு அடுத்ததுக்கு போறோம். கவனத்தை இருக்கற இடத்துல வைக்கறது, தீர்ப்பு சொல்லாம பாக்கறதுனு மைண்ட்ஃபுல்னெஸ்காரங்க சொல்றது இதுதான், பேர் பெருசா இருக்கு, வேலை சின்னதுதான். ஜான் கபாட்-ஜின் 1979ல அமெரிக்கால மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனைல இதை ஒரு பயிற்சியா ஆரம்பிச்சப்ப, வந்தவங்கள்ல நிறைய பேர் தீராத வலியோட இருந்த நோயாளிங்க. தியானம் மனசு நிம்மதியா இருக்கறவங்களுக்கு மட்டும்னு நாமதான் நினைச்சுக்கறோம்.

ஆகஸ்ட் உங்களுக்கு மோதிர விரலோட நடுக்கணுல வரும். அதை முன்னாடியே சொல்லி வைக்கறேன், திடீர்னு வந்து நிக்க வேணாம். ஜூலை கணுல இருக்கும்போதே கண்ணைத் திறந்துக்கோங்க, ரெண்டு பாதமும் தரைல நல்லா பதிஞ்சிருக்கானு பாருங்க, எதிர்ல இருக்கற ஏதாவது ஒரு பொருள் மேல பார்வையை வைங்க. கண்ணை மூடித்தான் தியானம் பண்ணணும்னு சட்டம் கிடையாது, துக்கத்துல இருக்கறவங்களுக்கு நான் பெரும்பாலும் கண்ணைத் திறந்து வச்சுதான் சொல்லிக்குடுப்பேன், ஏன்னா கண்ணை மூடினதும் வெளிய பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாம போயிடுது. அப்புறம் கட்டை விரலை அந்த கணுக்கு நகர்த்துங்க. அழுகை வந்தா வரட்டும், அடக்க வேணாம், மூச்சு எண்ண வேணாம், விரல் மட்டும் அங்கயே இருக்கட்டும். ரொம்ப அதிகமானா எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வாங்க, செப்டம்பர்ல இருந்து தொடங்குங்க. ஆகஸ்டை இந்த வருஷம் தாண்டிப் போகணும்னு தோணுச்சுன்னா தாண்டிக்கோங்க, அது அங்கயேதான் இருக்கும், ஓடிடாது.

அழுகை வந்துடுது, அப்ப என் தியானம் தப்பானு கேட்டிருந்தீங்களே. தப்பு இல்லம்மா. நாள் முழுக்க வேலை, பிள்ளைங்க, ஸ்கிரீன்னு ஏதாவது ஒண்ணு மேல மூடியிருக்கு, உக்காந்ததும் மூடி திறக்குது, உள்ள இருந்தது வெளிய வருது. சவாசனத்துல காரணமே தெரியாம கண்ணு கலங்கறவங்களை எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். அப்பா போய் நாலஞ்சு மாசம்தான் ஆகுது, இதுக்கு நோய்னு பேர் வைக்க முடியாது, நீடிச்ச துக்கம்னு மருத்துவத்துல தனியா பேர் வைக்கறதுக்கே உலக சுகாதார நிறுவனத்தோட பட்டியல்ல குறைஞ்சது 6 மாசம்னு வச்சிருக்காங்க. அதுக்காக ஆறு மாசம் ஆகட்டும்னு பல்லைக் கடிச்சுட்டு இருக்கணும்னு அர்த்தம் இல்ல. சாப்பாடு இறங்கல, ராத்திரி தூக்கமே இல்ல, வேலைக்கு எழுந்து போக முடியல, இருந்து என்ன பண்ணப் போறோம்னு தோணுதுன்னா அன்னைக்கே டாக்டரையோ கவுன்சலரையோ பாருங்க. யோகா அதுக்கு துணை நிக்கும், அதோட இடத்துல நிக்காது. யோகா டீச்சர் சொல்றேன் கேளுங்க.

12 கணுவும் முடிஞ்சதும் பத்து நிமிஷம் சவாசனம். முட்டிக்கு கீழ தலகாணி, இல்லன்னா காலை மடிச்சு கெண்டைக்காலை நாற்காலி மேல வச்சுக்கோங்க, இடுப்புக்கு ரொம்ப நல்லது. போர்வை போத்திக்கோங்க, அசையாம படுத்ததும் உடம்பு குளிரும். தூங்கிட்டா தூங்குங்க. இதுக்கு மேல அதுல சொல்ல ஒண்ணும் இல்ல, படுக்கணும், எழுந்திரிச்சு ஓடக்கூடாது, அவ்வளவுதான்.

எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி சங்கல்பம். இந்த வார்த்தையை நிறைய பேர் சபதம்னு எடுத்துக்கறாங்க. யோக நித்திரைனு படுத்துட்டே உடம்பைத் தளர்த்தற பயிற்சி ஒண்ணு இருக்கு, அதை இப்ப இருக்கற வடிவத்துல அமைச்ச சுவாமி சத்யானந்த சரஸ்வதி, பயிற்சியோட ஆரம்பத்துல ஒரு தடவையும் முடிவுல ஒரு தடவையும் சங்கல்பத்தை வச்சார், சின்னதா ஒரே வாக்கியம், உடம்பு தளர்ந்து கெடக்கற நேரத்துல மனசுக்குள்ள சொல்லிக்கறது. நரம்பு புடைக்க கைய ஓங்கி சொல்றது கிடையாது. உங்களுக்கு நானே ஒண்ணு எழுதித் தரேன், பிடிச்சா எடுத்துக்கோங்க: காலைல பல்லு தேய்ச்சதும் நாற்காலியில உக்காந்து 12 மூச்சு.

என்னங்க இது, 108ல இருந்து 12 மூச்சுக்கு இறக்கிட்டீங்களேனு தோணும். இறக்கிட்டேன், தெரிஞ்சேதான். 12 கணு, கணுக்கு ஒரு மூச்சு, உள்ள நாலு வெளிய ஆறுன்னா மொத்தம் ரெண்டு நிமிஷம். பல்லு தேய்ச்சதும்னு ஏற்கனவே நடக்கற ஒரு வேலையோட கட்டிவிட்டிருக்கேன் பாருங்க, அதுதான் முக்கியம், பீட்டர் கோல்விட்சர்னு ஒரு மனவியலாளர் 1990கள்ல இருந்து இதைத்தான் ஆராய்ஞ்சு சொல்லிட்டு வர்றார், தினமும் தியானம் பண்ணுவேன்னு நினைக்கறதை விட இது நடந்ததும் அதைச் செய்வேன்னு குறிச்சு வச்சவங்க அதிகமா செஞ்சு முடிக்கறாங்க.

இன்னொரு கண்டிஷன், இதை யாரும் சொல்லமாட்டாங்க, நான் சொல்றேன். ஜனவரி முழுக்க பத்து நிமிஷத்துக்கு மேல பண்ணக் கூடாது. ஆசை வந்தாலும் கூடாது. உங்களை மாதிரி ஆளுங்களுக்கு கொஞ்சமா பண்றது பிரச்சனையே இல்ல, மொத வாரத்துல அள்ளி அள்ளிப் பண்றதுதான் பிரச்சனை, மூணாவது வாரத்துல அதே அளவுக்கு முடியாதப்ப மொத்தமா கைய விட்டுடுவீங்க. இன்னும் கொஞ்சம் பண்ணியிருக்கலாம்னு தோணும்போதே எழுந்திரிச்சுடுங்க, மறுநாள் உக்கார அந்த ஏக்கம் போதும்.

அந்த 19 நாள் கதை எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு, உங்க மேல இல்ல, அந்த பூஜ்யம் மேல. 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு ஊரெல்லாம் சொல்றாங்களே, அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல எழுதினதுல இருந்து கிளம்பினது, ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க தங்களோட புது முகத்துக்கு பழகறதுக்கு குறைஞ்சது 21 நாள் போல ஆகுதுனு அவர் கவனிச்சதை எழுதினார், குறைஞ்சதுங்கற வார்த்தை வழில எங்கயோ விழுந்துடுச்சு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் அவங்க கூட இருந்தவங்களும் 96 பேரை வச்சு ஆராய்ஞ்சு 2010ல வெளியிட்டாங்க, ஒரு செயல் யோசிக்காம வர்ற பழக்கமா மாற நடுத்தரமா 66 நாள், ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். அதே ஆராய்ச்சில இன்னொண்ணு, நடுவுல ஒரு நாள் விட்டுப் போனது பழக்கம் வர்றதை பெருசா பாதிக்கல. அதாவது ஆப் உங்களுக்கு பூஜ்யம்னு காட்டின அன்னைக்கு உங்களுக்குள்ள அந்த 19 நாளும் பத்திரமா இருந்துச்சு. கல்யாணத்துக்கு போயிட்டு வந்து 21வது நாள் உக்காந்திருந்தா போதும். அதனால இந்த தடவை ஆப் வேணாம், காலண்டர்ல டிக் போடறதும் வேணாம், உங்க கைதான் எண்ணிக்கை.

பிள்ளைங்களையும் கணவரையும் சேத்துக்கணுமானு கேட்டிருந்தீங்க, அவர் சிரிக்கறார்னும் எழுதியிருந்தீங்க. சிரிக்கட்டும், விடுங்க. வற்புறுத்தி உக்கார வச்சா உங்க கவனம் முழுக்க அவர் கண்ணை மூடியிருக்காரா இல்லையாங்கறதுலயே போயிடும். சின்னவனுக்கு 9 வயசுனு சொன்னீங்க, அவன் வந்தா சவாசனத்துல பக்கத்துல படுக்க வச்சு வயித்து மேல ஒரு பொம்மையை வைங்க, மூச்சுக்கு பொம்மை ஏறி இறங்கறதை பாக்கச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷம் இருப்பான், அப்புறம் ஓடிடுவான், அது போதும். பெரியவ வரலன்னா கேக்காதீங்க, அந்த வயசுல கேட்டா வரவே மாட்டாங்க.

மணிக்கட்டுல இன்னும் வலி இருக்குனா ஆசனம் எதுவும் ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு எலும்பு டாக்டர்கிட்ட காட்டிடுங்க, ஒரு வருஷமா இருக்கற வலியை நான் எழுத்துல பாத்து சொல்ல முடியாது. பிப்ரவரில வேணும்னா ரெண்டு சூரிய நமஸ்காரம், நாற்காலியைப் பிடிச்சுட்டு, அதைப் பத்தி அப்புறம் எழுதறேன்.

தினமும் காலைல எட்டாவது மூச்சு மோதிர விரலோட நடுக்கணு மேல போகும். அங்க அப்பாவை நினைக்கணும்னு ஒண்ணும் இல்ல, நினைவு வந்தா வரட்டும், ஒன்பதாவதுக்கு விரல் தானா நகரும். பிப்ரவரி மொத வாரத்துல எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கம்மா, எத்தனை நாள் விடாம பண்ணீங்கனு வேணாம், எத்தனை தடவை விட்டுட்டு திரும்ப வந்து உக்காந்தீங்கனு சொல்லுங்க.